கேட்கப் போனவர்கள்

ஒடுக்கப்பட்டவன் தன் சந்தோஷத்துக்கும் கணக்குக் காட்டியாக வேண்டுமா? யாரிடம் காட்டுவது? 2025 மே மாதம் என் பெரியம்மா மகன், விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்காரர், 48 வயது, கடைநிலை அரசு ஊழியர், 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைக் கேட்க மும்பைக்கு ரயில் ஏறினார். நாற்பதை நெருங்கும் நானும் கூடப் போனேன். திரும்பியதும் வீட்டிலும் இயக்கத்திலும் எழுந்த கேள்விகளுக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

"கல்யாண வயசுல பொண்ண வச்சிக்கிட்டு இவனுக்கு இன்னா ஆட்டம்?" என்றார்கள் சொந்தக்காரர்கள். "வெள்ளக்காரன் கூச்சல் எதுக்கு, நம்மகிட்ட பறை இல்லியா?" என்றார் ஒரு தோழர். "அந்தக் காசுல பத்துப் புள்ளைங்களுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கலாமே" என்றார் இன்னொருவர். வயது, பண்பாடு, காசு என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: இதனால் என்ன பயன்?

பயனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் இருவருக்கும் அம்மா வழித் தாத்தா ஒருவரே. பறையடிப்பவர். சாவு விழுந்தால் ராத்திரி எந்நேரமானாலும் ஆள் வந்து கூப்பிடும். வயல் வரப்பில் நடந்து போவார். அடித்து முடித்ததும் கூலியாக நெல்லும் சாராயமும் கொடுப்பார்கள். கூப்பிட்டுப் போகாவிட்டால் உதை. அதே ஊரில் திருவிழாவுக்கு நாதஸ்வரக் கச்சேரி நடந்தபோது அவர் வாய்க்கால் கரையில் நின்றுதான் கேட்டார். ஊர்ச் சாவுக்கு அவர் கை வேண்டும். ஊர்க் கச்சேரிக்கு அவர் காது ஆகாது.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வருகிறது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். முருகாற்றுப்படை பக்தனுக்கு வழி சொல்வது. மற்ற நான்கும் பொருநருக்கும் பாணருக்கும் கூத்தருக்கும் வழி சொல்பவை. யாழைத் தூக்கிக்கொண்டு, பசித்த வயிற்றோடு, காடு மலை தாண்டிப் போனால் இந்த அரசன் சோறு போடுவான், பொன் கொடுப்பான் என்கின்றன. வாசிப்பவன் நடக்கிறான். கேட்பவன் உட்கார்ந்திருக்கிறான். கேட்பதற்காக நடந்து போகிறவனுக்கு நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை இல்லை. அப்படி ஒருவன் இருக்கக்கூடும் என்று, அதுவும் அவன் சேரியிலிருந்து வரக்கூடும் என்று, யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் இசைக்காக வெளியூர் போனவர்கள் எல்லாரும் அடிக்கப் போனவர்கள். ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், ஒரு ராத்திரியும் ஒரு பகலும், கேட்பதற்கென்றே போனது அண்ணன்தான் முதல் ஆள்.

"நம்மகிட்ட பறை இல்லியா" என்ற தோழருக்கு வருகிறேன். பறை இருக்கிறது. அதை இழிவுத் தொழிலாக அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்ட சேரிகள் உண்டு. அதையே விடுதலைக் கருவியாக மேடையில் ஏற்றிய கலைக்குழுக்களும் உண்டு. இரண்டும் நம் போராட்டமே. ஆனால் நீ பறையன், பறையை மட்டும் கேள் என்பது என்ன நியாயம்? பிறப்பை வைத்துத் தொழிலை ஒதுக்கினான் மனு. பிறப்பை வைத்து ரசனையை நாம் ஒதுக்கலாமா?

ராக் வெள்ளைக்காரன் கூச்சல் என்பதும் சரியல்ல. அதன் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூசிலும் தேவாலயப் பாட்டிலும் இருக்கிறது. மின்சாரக் கிடாரை அதிரவிட்டுப் பாடி அந்த இசைக்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண். 1973இல் அவர் இறந்தபின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் புதைகுழிக்கு ஒரு கல்கூட இல்லை. ராக் இசைக்கான கௌரவ மன்றத்தில் எல்விஸ் பிரஸ்லிக்கு 1986இலேயே இடம் கிடைத்தது. தார்ப்புக்குக் கிடைத்தது 2018இல். 1950களில் அமெரிக்கத் தென்மாநிலக் கச்சேரிகளில் கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம் என்று நடுவில் கயிறு கட்டினார்கள். அந்தக் கயிறும் எங்கள் ஊர் வாய்க்காலும் ஒன்றுதான். கறுப்புச் சிறுத்தைகளின் பெயரிலிருந்து தம் பெயரை எடுத்துக்கொண்டு 1972இல் தலித் சிறுத்தைகள் கிளம்பியது இதே மும்பையில்தான். 1974இல் அவர்கள் அடிவாங்கிய வொர்லி, கச்சேரி நடந்த மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கம்தான்.

அண்ணன் இதையெல்லாம் படித்துவிட்டு ரசிகர் ஆகவில்லை. 1994இல் ஆதிதிராவிடர் நல விடுதியில் யாரோ பதிவுசெய்து கொண்டுவந்த ஒரு கேசட். "வார்த்த ஒண்ணும் புரியல. ஆனா எனக்குள்ள கத்தாம கெடந்தத அவன் கத்துறான்னு புரிஞ்சிது" என்பார். அந்தக் கிடார்க்காரர் ஸ்லாஷின் தாய் கறுப்பினத்தவர் என்பது அவருக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். 2012 டிசம்பரில் அந்தக் குழு பெங்களூருக்கு வந்தபோது ஸ்லாஷ் அதில் இல்லை. பிறகு 2016இல் திரும்பச் சேர்ந்தார். அண்ணன் 31 வருஷம் காத்திருந்தார்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் மறைக்கக் கூடாது. இதே குழு 1988இல் வெளியிட்ட ஒரு பாட்டில் கறுப்பரையும் குடியேறியவரையும் ஓரினச் சேர்க்கையாளரையும் இழிசொல்லால் திட்டியிருக்கிறார்கள். 1989இல் லாஸ் ஏஞ்சலஸில் இவர்களோடு ஒரே மேடையில் வாசித்த 'லிவிங் கலர்' என்ற கறுப்பினக் குழுவின் வெர்னன் ரீட், அந்த மேடையிலேயே அதைக் கண்டித்தார். 2018இல் பழைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோது குழு அந்தப் பாட்டைச் சேர்க்கவில்லை. அப்படியானால் ஒரு தலித் அங்கே போகலாமா? நம்மை இழிவு செய்யும் பழமொழிகள் தமிழில் எத்தனை! அந்தத் தமிழைத்தான் நான் எம்.ஏ. வரை படித்தேன். பழமொழியை எதிர்த்தேன், மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. ரசிகன் என்றால் வாங்கியதையெல்லாம் விழுங்குகிறவன் என்று அர்த்தமில்லை. எதைக் கேட்பது, எதை வேண்டாம் என்று தள்ளுவது என்று தானே முடிவு செய்கிறவன் அவன். என் தாத்தாவுக்கு இரண்டுமே கிடையாது. கூப்பிட்டால் போகணும், நிக்கச் சொன்ன எடத்துல நிக்கணும்.

மே 17, சனிக்கிழமை ராத்திரி. அந்தக் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்து நின்றோம். முன்னே பின்னே தெரியாதவனின் வேர்வை எங்கள் மேல் ஒட்டியது, எங்கள் வேர்வை அவன் மேல். "எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?" என்று யாரும் கேட்கவில்லை. இதை வைத்து அங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல நான் பைத்தியக்காரனல்ல. காசுக்கேற்ற தடுப்பு இருந்தது. பணக்காரன் மேடைக்குக் கிட்டே, நாங்கள் தூரத்தில். ஜனம் கலைந்ததும் கோப்பைகளைப் பொறுக்க ஆட்கள் இறங்கினார்கள். இந்த நாட்டில் குப்பை அள்ளும் கைகள் பெரும்பாலும் யாருடையவை என்பது வாசகருக்குத் தெரியும். அண்ணன் குனிந்து தன் காலடியில் கிடந்ததைப் பொறுக்கி அவர்களின் சாக்கில் போட்டார். அவர்களும் ஒருநாள் கேட்க வரவேண்டும் என்பதுதான் என் அரசியல். அவர்கள் வரும்வரை நீயும் போகாதே என்பது அரசியலாகாது.

வயது? அம்பேத்கர் தம் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். சட்டமும் போராட்டமும் நோயும் சூழ்ந்த வாழ்க்கையில் அவர் வயலினை எடுத்தது எந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற? இளமையில் நம் ஆட்களுக்கு இசைக்கு நேரம் ஏது? விடுதிச் சோறு, வேலை, தம்பி தங்கச்சி கல்யாணம் எல்லாம் முடிந்த பிறகுதான் மூச்சு விடுகிறோம். நடுவயதில் ஆடுகிறான் என்று சிரிப்பவர்கள், இருபது வயதில் அவனை ஆடவிடாமல் வைத்திருந்தது எது என்று கேட்கட்டும்.

நோட்டுப் புத்தகம் பற்றிக் கேட்ட தோழர் நல்லவர். ஆனால் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன்னால் எனக்கு என்ன பயன் என்ற ஒரே கேள்வியைத்தான் ஊர் நம்மிடம் காலங்காலமாகக் கேட்டது. பிணம் தூக்க, மாடு புதைக்க, மேளம் அடிக்க நாம் பயன்பட்டோம். இயக்கமும் அதே தராசில் நம்மை நிறுத்தினால், எஜமான்தான் மாறியிருக்கிறான். அண்ணன் வாங்கிய கடனை அவரே அடைக்கிறார், சந்தாவை நிறுத்தவில்லை, மகளின் படிப்பையும் நிறுத்தவில்லை. இதைக்கூட நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேதனை. பக்கத்து அக்கிரகாரத்துக்காரர் டிசம்பர் கச்சேரிக்குச் சென்னை போனால் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை.

நிலம் கேட்கிறோம், கல்வி கேட்கிறோம், வேலை கேட்கிறோம். எவனுக்கும் பயன்படாத ஒரு ராத்திரியையும் கேட்போம். சேரியிலிருந்து இன்னொருத்தர் பாட்டுக் கேட்க வெளியூர் போய் வந்தால், எவ்வளவு செலவு என்று விசாரிக்காதீர்கள். பாட்டு எப்படி இருந்தது என்று விசாரியுங்கள்.