அம்மம்மாவின் அறைக்கும் சூடு போகட்டும்



உடுக்கத் துணியில்லாமல் நிற்கிறவரிடம் உடம்புக்கு வேண்டியது எதையும் கொடுக்காமல், குளிர்காயப் போகும்படி வாயால் வாழ்த்தி அனுப்பினால் யாருக்குப் பயன் என்று இன்றைய இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு கேட்கிறார். ரொறன்ரோவில், செப்டெம்பர் மாதத்தில், இந்தக் கேள்வி நேரே நம் வீட்டுக்குள் வருகிறது. இன்னும் சில வாரங்களில் வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் ஓடத் தொடங்கிவிடும். குளிரைக் குளிராகவே வைத்துப் பேசுகிறேன்.

வீடு மந்திரிக்க வரும்போது பார்க்கிறேன். முன் ஹோலில் ஸ்வெட்டரே தேவையில்லை. கராஜுக்கு மேலேயுள்ள அறையில் அம்மம்மா இரண்டு போர்வைக்குள் இருந்து செபமாலை சொல்கிறார். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் மாணவன் தன் காசில் சின்ன ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறான். எல்லாருக்கும் ஒரே பேர்னஸ்தான். “அடுத்த வருஷம் பெரிசாப் போடப்போறம், ஃபாதர்” என்கிறார் வீட்டுக்காரர்.

பெரிதாகப் போட்டால் பெரும்பாலும் குறை கூடத்தான் செய்யும். சூட்டை அறைக்குக் கொண்டுபோவது டக்ட் குழாயில் ஓடும் காற்று. 6 அங்குலக் குழாய் வேண்டிய இடத்தில் 5 அங்குலம் போட்டால், காற்றுப் போகும் வாய் ஏறக்குறைய 30 விழுக்காடு சுருங்குகிறது. உராய்வும் சேர்ந்து காற்றை இன்னும் குறைக்கிறது. அந்தக் குழாயில் பெரிய பேர்னஸைப் பூட்டினால் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை நிறுத்தும். ஆறியதும் மறுபடி எரியும். விசிறி இரைகிறது, காஸ் பில் ஏறுகிறது, அம்மம்மாவின் அறை அப்படியே கிடக்கிறது. குழாய் அளவுக்கு மிஞ்சிப் பெருத்தாலும் காற்று வேகமிழந்து வழியிலேயே ஆறிவிடும்.

போன காற்றுத் திரும்பி வரவும் வழி வேண்டும். ரிட்டேர்ன் இல்லாத அறையின் கதவை இறுகச் சாத்தினால், உள்ளே காற்று அடைத்துக்கொண்டு புதிய சூட்டை வரவிடாது. கதவின் கீழ் இடைவெளியோ, சுவரில் ஒரு காற்றுத் தட்டியோ வேண்டும். ஆளில்லாத அறைகளின் வென்ட்டுகளை மூடிச் சிக்கனம் பிடிப்பவர்களும் இருக்கிறீர்கள். அதனால் குழாயில் அழுத்தம் ஏறுவதுதான் மிச்சம்.

கோடையில் இந்தக் காற்றுக் குறை இன்னும் கடுமை. ஒரு டன் ஏசிக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று வேண்டும். சூட்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்துப் போட்ட பழைய குழாய்களில் அவ்வளவு ஓடாது. ஏசியின் கொயிலில் பனி கட்டிக்கொள்ளும், மேல்மாடி வேகும். அந்த வெக்கையில் முதியவர்களின் உயிருக்கே ஆபத்து.

வசதியிருந்தும் வீட்டுச் சூட்டைக் குறைத்து, கனத்த உடை உடுத்திக்கொள்பவர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லௌதாத்தோ சி’ மடலின் 211ஆம் பத்தியில் பாராட்டுகிறார். அது நாமாக விரும்பி எடுக்கும் தவம். அதை அம்மம்மாவின் தலையிலும் வாடகைக்காரப் பிள்ளையின் தலையிலும் கட்டிவிட எந்த வீட்டுக்காரருக்கும் உரிமையில்லை.

ஆகவே புது பேர்னஸுக்குக் கையெழுத்துப் போடுமுன், ஒவ்வோர் அறையும் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று தனித்தனியே கணக்கிடச் சொல்லுங்கள். வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு விலை சொல்பவரை நம்பாதீர்கள். குழாயின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பொருத்துகளில் காற்றுக் கசிந்தால் மாஸ்டிக் பூசி அடைக்கலாம். துணி டேப் காலப்போக்கில் காய்ந்து கழன்றுவிடும். அதற்கும் முன்னே, பேர்னஸ் ஓடத் தொடங்கிய ஒரு குளிர் இரவில், சூடு சரியாக எட்டாத அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள்.

இந்தத் தொழில் தெரிந்தவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறீர்கள். தனியே வாழும் முதியவர்களின் வீட்டுக் குழாய்களை உறைபனிக்கு முன் பார்த்துக் கொடுக்க முடிந்தவர்கள், திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து பெயரைத் தாருங்கள்.