தொடர எஃப்1ஐ அழுத்தவும்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் வந்து நின்றுவிடும். சிமாஸ் செக்-சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட் என்று ஒரு வரி. தொடர எஃப்1, செட்டப்பினுள் நுழைய டெல் என்று அதன் கீழே இன்னொன்று. நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு சிறிய கடன் சங்கத்தில் (பெயர் வேண்டாம்) 2016லும் 2017ன் பெரும்பகுதியிலும் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டு வரிகளோடுதான் வேலை தொடங்கிற்று. கம்ப்யூட்டரில் உட்காரும் பெண் எஃப்1ஐ அழுத்துவாள். விண்டோஸ் வந்ததும் வலது மூலையில் 2009 ஜனவரி 1 என்று காட்டும் தேதியை அன்றைய தேதிக்கு மாற்றுவாள். பிறகு சாமி படத்துக்கு ஊதுவத்தி. மூன்றும் ஒரே காரியத்தின் மூன்று பகுதிகள் போலாகிவிட்டிருந்தன.

இயந்திரம் மனிதனை அந்நியனாக்கிவிட்டது என்று எழுதுவது நமக்கு வெகு சுலபமாகிவிட்டது. அப்படி எழுதுகிறவர்களில் இயந்திரத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நானும் கழற்றியவனல்ல. ஆனால் இந்தச் செய்தி என்ன சொல்கிறது என்பதை அது வரத் தொடங்கிய சில வாரங்களிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன். என் பிரச்னையே அதுதான். அதற்கு வருவதற்கு முன் செய்தியைச் சொல்லிவிட வேண்டும்.

மின்சாரம் பாய்ந்ததும் கம்ப்யூட்டர் முதலில் செய்வது தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே இது உண்டு. 1984ல் வந்த ஏ.டி. மாடலில் இன்னொன்று சேர்ந்தது: மின்சாரம் இல்லாதபோதும் மணியை ஓட்டிக்கொண்டு, இயந்திரத்தின் அமைப்பு விவரங்களையும் மறக்காமல் வைத்திருக்கும் ஒரு சிறு சில்லு. அதற்கென்று தனியாக ஒரு பாட்டரி. மொத்தம் 64 பைட் ஞாபகம். இன்றைய கணக்கில் ஒரு வெண்பாவுக்குக்கூடப் போதாது. இப்போதைய பலகைகளில் இந்தப் பாட்டரி ஒரு பெரிய நாணயம் போல இருக்கும். 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதனால்தான் அதன் பெயரே சி.ஆர். 2032. கடைகளில் கிடைக்கிறது. விலை ஒரு சாப்பாட்டை விடக் குறைவு.

அந்த ஞாபகம் கெடவில்லை என்பதை இயந்திரம் எப்படி அறிகிறது? விவரங்களையெல்லாம் எண்களாகக் கூட்டி, கூட்டுத்தொகையையும் அங்கேயே ஓர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. விழித்தெழும்போது மறுபடி கூட்டிப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் ஏதோ கெட்டுவிட்டது. எது கெட்டது என்று தெரியாது. ஏதோ ஒன்று என்பது மட்டும் நிச்சயம். உடனே தன் சொந்த விவரங்களைக் கைவிட்டு, தொழிற்சாலையில் கொடுத்த பொது விவரங்களை ஏற்றுக்கொண்டு, அதையும் நம்மிடம் சொல்லிவிட்டு, விசைக்காகக் காத்திருக்கிறது. இதில் எனக்கு வெகுவாகப் பிடித்துப்போன ஒன்று உண்டு. மணியும் தேதியும் அந்தக் கூட்டலில் சேர்வதில்லை. சேர்க்க முடியாது; அவை ஒவ்வொரு விநாடியும் மாறிக்கொண்டிருப்பவை. காலத்துக்குச் சரிபார்ப்புத் தொகை கிடையாது. அது தவறினால் யாராவது வெளியிலிருந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு விசேஷம், இந்தச் செய்தி அன்றைய முதல் மனிதருக்கு மட்டுமே தெரியும். சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை சில்லுக்கு அங்கிருந்தே மின்சாரம் வந்துகொண்டிருக்கும், பாட்டரிக்கு வேலையில்லை. இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகும்போதுதான் பாட்டரியின் வறுமை வெளிப்படும். எங்கள் சங்கத்தில் மின்சாரச் சிக்கனம் பற்றி ஒரு சுற்றறிக்கை இருந்ததால் தினமும் அணைத்தோம். காலை ஒன்பதரைக்கு அந்தப் பெண் வந்து திறப்பாள்; செய்தி அவளுக்கு வரும். செயலாளர் பதினொரு மணிக்கு வருவார். அவர் பார்க்கும் கம்ப்யூட்டர் சௌக்கியமாக இருக்கும். சர்வீஸ் ஆள் மத்தியானம் வந்தபோது அவனும் இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. “தினமும் வருது, எஃப்1 அமுக்கினா போயிடும்” என்றாள் அவள். மூடியைக் கழற்றினால் தனிச் சார்ஜ், அதற்குச் செயலாளரின் கையெழுத்து வேண்டும். எனவே அவன் செட்டப்பினுள் போய், எந்தப் பிழைக்காகவும் நிற்காதே என்று ஒரு விதியை மாற்றிவைத்துவிட்டு, இதற்குள் யாரும் கை வைக்க வேண்டாம் என்று அவளிடம் எச்சரித்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. அவன் மாற்றிய விதியும் அதே சிறு ஞாபகத்துக்குள்தான் இருந்தது; இரவு மெயினை அணைத்ததும் அதுவும் போயிற்று. வாயை மூடிக்கொள் என்ற உத்தரவை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கும் அந்தப் பாட்டரி வேண்டியிருந்தது.

அவள் தன் பங்குக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் ‘எஃப்1. பிறகு தேதி’ என்று எழுதி மானிட்டரின் விளிம்பில் ஒட்டினாள். ஒரு பிழைச்செய்தி ஒரு வழிமுறையாக மாறியது அந்தக் கணத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பிழையை அறிவிக்கும் செய்தி அதே மூச்சில் தொடர்வதற்கும் வழி சொல்கிறது என்பதை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை. நெற்றியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையுமாக அது நம்மைப் பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை வந்தால் அது எச்சரிக்கை. நானூறு முறை வந்தால் அது என்ன? சொற்கள் மாறவில்லை; உண்மையும் மாறவில்லை. முதல் நாள் எவ்வளவு உண்மையோ நானூறாவது நாளும் அவ்வளவே உண்மை. இயந்திரத்துக்கு அலுப்பு இல்லை. பழக்கம் என்று இதை ஒதுக்கிவிடுவது சோம்பேறித்தனம். பழக்கத்தில் ஒன்றை மறந்துவிடுகிறோம். இங்கே மறக்கவில்லை, ஒவ்வொரு நாளும் அறிந்தோம். அறிந்துகொண்டதற்கு ஓர் அடையாளமாக விசையையும் அழுத்தினோம். அழுத்தியதே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக ஆகிவிட்டது.

இது கடன் சங்கத்தோடு முடிகிற விஷயமல்ல. தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்திற்று. 1993ல் நான்ஸி லெவ்ஸன், கிளார்க் டர்னர் என்ற இருவர் எழுதிய நீண்ட ஆய்வில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்த இயந்திரமும் அடிக்கடி நின்று, மால்ஃபங்ஷன் என்று ஒரு எண்ணைக் காட்டும். பி என்ற விசையை அழுத்தினால் தொடரும். சில நாட்களில் நாற்பது தடவைகூட இப்படி நின்றதுண்டு. டெக்ஸாஸில் டைலர் என்ற ஊரில் 1986 மார்ச்சில் மால்ஃபங்ஷன் 54 என்று வந்தது. கொடுத்த அளவு மிகக் குறைவு என்று வேறு திரை காட்டியது. இயக்கிய பெண் பியை அழுத்தினாள். முதல் அடியிலேயே துடித்து எழ முயன்றுகொண்டிருந்த மனிதர்மேல் இரண்டாவது அடி விழுந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார்.

இங்கே நான் நின்று யோசிப்பது அந்தப் பெண்ணைப் பற்றி. அடுத்த மாதம் அங்கேயே இன்னொரு விபத்து நடந்தபின், அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் அவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, பிழை எப்போது வருகிறது என்பதைக் கண்டுபிடித்தார். தவறாகத் தட்டிய ஓர் எழுத்தை வெகு வேகமாகத் திருத்தும்போது வருகிறது. கட்டியவர்களுக்குத் தெரியாதது, இயக்குகிறவளின் விரல் வேகத்தில் இருந்தது. பிழையை நாளெல்லாம் சந்திக்கிறவரிடம்தான் அதைப் பற்றிய அறிவும் இருக்கிறது. அவர் கைக்குக் கொடுக்கப்பட்டிருப்பதோ தொடர்வதற்கான விசை மட்டும்.

எங்கள் விஷயத்தில் யாரும் சாகவில்லை. 2017ல் அவள் தங்கை கல்யாணத்துக்காக இரண்டு நாள் லீவு போட்டாள். வசூலுக்குப் போகும் பையனை உட்கார வைத்தார்கள். காகிதத்தின் முதல் பாதியைப் படித்து எஃப்1ஐ அழுத்தினான். ‘பிறகு தேதி’ என்பது அவனுக்கு என்னவென்று புரியவில்லை. அது இணையத் தொடர்பு இல்லாத கம்ப்யூட்டர், தானாகவும் தேதி திருந்தாது. அந்த இரண்டு நாட்களில் போட்ட 37 ரசீதுகளிலும் 2009 ஜனவரி 1 என்று விழுந்தது. ரொக்கப் புத்தகம் என் கையெழுத்து, அதில் பணம் பைசா பிசகாமல் இருந்தது. உறுப்பினர் கணக்கு மட்டும் கம்ப்யூட்டருக்குள். கடன் கொடுத்த தேதிக்கு முந்தைய தவணையை அந்த மென்பொருள் கடனில் கழிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அபராத வட்டி நோட்டீஸ்கள் போயின. இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் நோட்டீஸோடும் ரசீதோடும் வந்தார். கவுண்ட்டரில் ரசீதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். “கடன் வாங்கினது போன வருஷம். எட்டு வருஷம் முன்னாடியே வந்து கட்டிட்டீங்களாம்மா?” அவர் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கட்டினேன் சாமி. நல்ல மழை அன்னிக்கு. கொடை கூட இங்கியே வெச்சிட்டுப் போயிட்டு மறுநா வந்து எடுத்தேன்” என்றார். குடையைப் பற்றி யார் விசாரிப்பார்கள்? கையெழுத்து யாருடையது, முத்திரை அசலா என்றெல்லாம் கேள்விகள் போயின. பொய் ரசீது என்ற வார்த்தையை ஒருவர் சொல்லியும்விட்டார். அந்த அம்மாள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. தேதியை இன்னொருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார், தன் ஞாபகத்தின் மீதே அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது போல.

நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். 2009 என்ற எண் காதில் விழுந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து சொன்னேன். கணக்கைத் திருத்தினோம், அபராதம் ரத்தாயிற்று, 37 பேருக்கும். ஆனால் கூட்டத்தில் யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் கோளாறு என்று தெரிந்தும் எழுத்துமூலம் தெரிவிக்காதது ஏன் என்று அந்தப் பெண்ணுக்கு மெமோ. வாயால் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். மெமோவை வரைந்து கொடுத்தவன் நான். வாசகம் நன்றாக வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார்.

இந்த மாதிரி இடத்தில் நம் பத்திரிகைகளில் ‘அமைப்பு’ என்ற சொல் வந்து எல்லாவற்றையும் தீர்த்து வைக்கும். எச்சரிக்கை அதிகாரமில்லாதவளிடம் வருகிறது, அதிகாரம் பதினொரு மணிக்கு வருகிறது, ஆகவே குற்றம் அமைப்பினுடையது. இது உண்மைதான். ஆனால் இந்த உண்மையில் எனக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதில் நான் சௌகரியமாகப் படுத்துக்கொள்ளலாம். அதனால்தான் சந்தேகப்படுகிறேன். 1943ல் சார்த்தர் விவரித்த தன்னைத்தானே ஏய்த்துக்கொள்ளுதலையும் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. அந்தப் பெண் தன்னை ஏய்த்துக்கொள்ளவில்லை; அவளுக்கு அந்த ஆங்கில வரி ஒரு வடிவம், அர்த்தமல்ல. வடிவத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் ஏய்த்துக்கொள்ளவில்லை. பாட்டரி தீர்ந்துவிட்டது, தேதி நழுவுகிறது, ரசீதுகளில் தேதி விழுகிறது என்ற மூன்றும் எனக்குத் தனித்தனியே தெரியும். மூன்றையும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கூட்டிப் பார்ப்பது ஒரு செயல், அது தானாக நடப்பதில்லை. தெரிந்துகொண்டிருப்பதைப் பொறுப்பு என்றே நினைத்திருந்தேன் போலிருக்கிறது. விசையை அழுத்தியவள் அவள், ஆனால் தொடரலாம் என்ற தீர்மானத்தை என்னைப் போல அர்த்தம் தெரிந்தவர்கள்தான் தினமும் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

மெமோ கொடுத்த வாரத்தின் கடைசியில் நானே பாட்டரி வாங்கி வந்தேன். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை வந்து மூடியைக் கழற்றி மாற்றினான். கிளம்பும்போது ஒன்று சொன்னான். பாட்டரி மாற்றினாலும் செய்தி இன்னும் ஒரு தடவை வரும். பழைய ஞாபகம் அழிந்துபோனது அழிந்ததுதான். அப்போது எஃப்1 கூடாது. டெல் விசையை அழுத்தி உள்ளே போய், தேதி வைத்து, சேமித்துவிட்டு வெளியே வர வேண்டும். 

திங்கட்கிழமை நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். அவள் ஸ்விட்சைப் போட்டாள். அதே இரண்டு வரிகள்.

“போகலியே ஸார்” என்றாள். விரல் எஃப்1க்குப் போயிருந்தது.

“அது வேண்டாம். டெல் அழுத்தும்மா.”

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அதுக்குள்ள யாரும் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எழுத்துல குடுங்க ஸார், அழுத்தறேன்.”

மெமோவின் வாசகம் என்னுடையதுதான். நானே கை நீட்டி அழுத்தியிருக்கலாம். செயலாளர் வரட்டும் என்று சொல்லிவிட்டு என் மேஜைக்குப் போனேன்.