கட்டணம் கட்டிக் கண்ட கருணை

இலங்கையில் கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், பெந்தோட்டையைக் கடந்ததும் ஆமைப் படம் தீட்டிய பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கொஸ்கொடை என்பது அவ்வூர். சாலையோரத் தென்னந்தோப்பில் ஓலைக் கூரை, அதன்கீழ்ச் சிமெண்டுத் தொட்டிகள், தொட்டிகளில் கடல்நீர், நீரில் ஆமைகள். வாயிலில் நுழைவுச்சீட்டு. ஒரு டிசம்பர் விடுமுறையில் மனைவி மக்களுடன் அங்கு இறங்கினேன். அப்போது எழுந்த ஐயம் இராபர்ட்சன்பேட்டைக்குத் திரும்பிய பின்னும் தீராமையால், அதனை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றேன். காசு கொடுத்துக் காணும் கருணை, கருணைதானா?

முதலில் கடலாமையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். உலகிலுள்ள 7 வகைக் கடலாமைகளுள் 5 வகை இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. தாய் ஆமை இரவில் கரையேறிக் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குள் போய்விடும். ஏறத்தாழ 50 நாள்களுக்கு மணலின் வெம்மையே செவிலித்தாய். வெம்மை மிகுந்தால் பெண்குஞ்சு, குறைந்தால் ஆண்குஞ்சு. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து முதிரும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. போதாக்குறைக்கு மனிதனும் முட்டைகளைத் தோண்டித் தின்கிறான். அந்நாட்டில் 1972 முதல் கடலாமை சட்டத்தால் காக்கப்பட்ட உயிர்; முட்டையை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

சாலையோரப் பொரிப்பகங்கள் இங்கேதான் நுழைகின்றன. முட்டை எடுப்போரிடமிருந்து அவற்றைச் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கி, வேலியிட்ட மணலில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். வாங்குவதற்கான பணம், நம்மைப் போன்றோர் கட்டும் கட்டணம். உண்ணப்பட இருந்த முட்டை பிழைத்தது. ஏழைக்குக் கூலி கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு ஒரு காட்சியும் கிடைத்தது. இதில் குறை காண்பவன் கல்நெஞ்சன் என்றே நானும் முதலில் எண்ணினேன்.

ஆனால் வள்ளுவர் புலால் மறுத்தலில் வாங்குவோனையும் விற்போனையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்திருப்பது நினைவுக்கு வந்தது. வாங்க ஆள் உள்ளவரை விற்க ஆள் உண்டு. காப்பதற்காக வாங்கினாலும் வாங்குதல் வாங்குதல்தானே? இரவில் மண்வெட்டியோடு கரையில் அலைபவனுக்கு, தின்பவன் காசும் காப்பவன் காசும் ஒன்றே. சிபிச் சக்கரவர்த்தி புறாவைக் காக்கப் பருந்துக்கும் விலை கொடுத்தார். பருந்தின் பசியும் பசியே என்று அவர் ஏற்றதுதான் அக்கதையின் அருமை. ஆயினும் அவர் கொடுத்தது தம் தொடைச் சதை. நாம் கொடுப்பது நுழைவுச்சீட்டு. அதற்கும் ஈடாக ஆமையைத் தொட்டுப் பார்த்துப் படமும் எடுத்துக்கொள்கிறோம்.

தொட்டிகளுள் இரண்டின் அருகே நெடுநேரம் நின்றேன். ஒன்றில், மீன்வலையில் சிக்கித் துடுப்பிழந்த ஆமை. அது கடலுக்குப் போனால் பிழைக்காது. அதற்கு இத்தொட்டியே புகலிடம். மற்றொன்றில் நிறமின்றி வெளுத்துப் பிறந்த ஆமை. கடலில் விட்டால் பகை உயிர்கள் எளிதில் கண்டுகொள்ளும், ஆகையால் விடுவதில்லை என்றார் அங்கிருந்தவர். உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த வெள்ளை ஆமையைக் காணத்தான் கூட்டம் முண்டியடித்தது! ஆதாயம் இருக்கும் இடத்திலேயே அறமும் வந்து நின்றால், அவ்வறத்தை இருமுறை உரசிப் பார்க்க வேண்டியுள்ளது. மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணிப் பேகன் போர்வை ஈந்தான். மயிலுக்கு அது வேண்டுமா என்று அவன் கேட்கவில்லை. எனினும் போர்த்திய மயிலைக் காட்டிக் கட்டணம் வாங்கவுமில்லை.

வேறு வழிகளும் உள்ளன. அதே தீவின் தென்கரையில் ரெக்காவை என்னும் இடத்தில் 1996 முதல் சில ஆண்டுகள், முன்பு முட்டை எடுத்தவர்களையே கூலிக்கு அமர்த்தி, இட்ட குழியிலேயே முட்டைகளைக் காக்கச் செய்தனர். சென்னையில் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நள்ளிரவில் கடற்கரை நெடுக நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, பொரிந்ததும் கடலில் விட்டுவருகின்றனர். கொஸ்கொடைக்காரர்களையும் எளிதில் பழித்துவிட முடியவில்லை. 2004 ஆழிப்பேரலையில் அக்கரைப் பொரிப்பகங்கள் அழிந்தன, மீண்டும் கட்டினார்கள். மே மாதத்திற்குமேல் மழையும் கொந்தளிப்புமாய்க் கடல் மாறியபின் பயணிகள் குறைந்துவிடுவர். ஆமைக்கோ அப்போதும் தீனி வேண்டும்.

காட்சிப்பொருளாதல் என்றால் என்னவென்று எங்கள் ஊரார்க்கு இப்போது சற்றுத் தெரியும். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச்சுரங்கம் மூடப்பட்டது. 2018-இல் ஊரின் பெயரிலேயே திரைப்படம் வந்தது. அது முதல் சயனைடு மேடுகளைக் காண வெளியூர் வண்டிகள் வருகின்றன. பொன்னெடுத்த பின் கொட்டிய மணலே அம்மேடு. காற்றடித்தால் எங்கள் சோற்றில் விழும் தூசு. அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். எங்கள் தெருவில் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவரை இருவர் பழைய தொப்பியை மாட்டச் சொல்லிப் படம் பிடித்து, இருநூறு ரூபாய் கொடுத்தனர். எனக்குச் சினம் மூண்டது. "ஏன் தாத்தா வாங்கினீர்கள்?" என்றேன். "பூமிக்கடியில் எப்படி இருந்தது என்று இத்தனை வருஷத்தில் அவன்தான்பா கேட்டான்" என்றார். நான் வாயடைத்துப் போனேன். பார்க்கப்படுவது எல்லாம் இழிவு என்று நான் கட்டியிருந்த வாதம் அன்று ஆட்டங்கண்டது. ஆனால் பெரியவர் விரும்பினால் தொப்பியைக் கழற்றி உள்ளே போய்விடலாம்.

கொஸ்கொடையில் மாலை வந்ததும், தனிக்கட்டணம் கட்டியோர் குஞ்சு விடலாம் என்றனர். கட்டினேன். என் மகள், ஒன்பது வயதினள், உள்ளங்கையில் அதனை ஏந்திச் சென்று ஈரமணலில் வைத்தாள். அது துடுப்படித்து நகர்ந்து, இரண்டாம் அலையில் மறைந்தது. "இது என்றைக்குப் பிறந்தது?" என்று அவள் கேட்க, "மூன்று நாளாயிற்று" என்றார் அவர். எங்களுக்கு அது மகிழ்ச்சியான விடையாகவே பட்டது.

ஊர் வந்து படித்த பின்னரே விளங்கிற்று. பொரிந்த குஞ்சுக்கு வயிற்றில் எஞ்சிய கருவே கட்டுச்சோறு. முதல் ஒரு நாளளவும் ஓயாமல் நீந்தி, கரையோரப் பகைகளைத் தாண்டி ஆழ்கடல் சேர்வதற்கான வேகம் அதற்குள் பிறக்கிறது. தொட்டியில் இருந்தால் அவ்வேகம் சுவரில் முட்டியே தீர்ந்துவிடும். எங்கள் கைக்கு வருவதற்காக அது மூன்று நாள் காத்திருந்தது.

மகள் அந்த ஆமை இப்போது எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று அவ்வப்போது கேட்கிறாள். படித்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.