மறைத்துச் செய்து வைக்கும் நிகாஹ்

சகோதர முஸ்லிமின் குறையை மறைப்பது பெரும் நன்மை என்று நம் மார்க்கம் சொல்கிறது. கொடுக்கல் வாங்கலில் குறையை மறைத்து ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்றும் அதே மார்க்கம் எச்சரிக்கிறது. இவ்விரண்டு கட்டளைகளும் ஒரே வீட்டில், அதுவும் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில், எதிரெதிரே வந்து நின்றால் எதைக் கைக்கொள்வது?

இந்தக் கேள்வியை நம் மக்களிடையே கிளப்பியது ஒரு சினிமாப் படம். மார்க்க ஏட்டில் சினிமாவா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். படத்தைப் பார்க்கச் சொல்லி நான் எழுதவில்லை. பார்த்தவர்களின் பேச்சில் ஷரீஅத்துக்கு ஒவ்வாத ஒரு தீர்ப்பு நுழைந்துவிட்டது. அதைச் சுட்டிக்காட்டவே எழுதுகிறேன்.

2023 நவம்பர் 23இல் மலையாளத்தில் வெளிவந்த 'காதல் - தி கோர்' என்ற படம் அது. ஜியோ பேபி இயக்க, முஹம்மது குட்டி என்ற இயற்பெயர் கொண்ட மம்மூட்டி தயாரித்து நடித்தார். கேரள அரசு 2023ஆம் ஆண்டின் சிறந்த படமாக அதைத் தேர்ந்தெடுத்தது. கதை கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் நடக்கிறது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாத்யூ, பஞ்சாயத்து இடைத்தேர்தலில் நிற்கிறார். அந்த நேரத்தில் அவருடைய மனைவி ஓமனா (ஜோதிகா நடித்தது) விவாகரத்துக் கேட்டு மனுப் போடுகிறாள். கணவரின் நாட்டம் பெண்கள்பால் இல்லை, தங்கன் என்ற ஆணிடமே நெடுங்காலமாக இருக்கிறது என்பது அவள் சொல்லும் காரணம். மணமாகி இருபது ஆண்டுகள், கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். இறுதியில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. மகனின் இயல்பு தந்தைக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் வற்புறுத்திக் கட்டி வைத்திருக்கிறார்.

படம் குவைத்திலும் கத்தாரிலும் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கோழிக்கோடு ஃபாரூக் கல்லூரி இயக்குநரைப் பேச அழைத்துவிட்டுப் பிறகு நிகழ்ச்சியை ரத்துச் செய்தது. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் காரைக்குடி, தேவகோட்டை, இளையான்குடி வீடுகளுக்கு இந்தச் செய்திகள் வந்து சேர நாளாகுமா? வந்தன. கைபேசியில் படமும் வந்தது.

பார்த்தவர்கள் சொன்னவை பலவிதம். "நம்மவர் போய் இப்படி ஒரு வேஷத்தில் நடிக்கலாமா?" என்று கேட்டவர்கள் ஒரு சாரார். "வயதான இரண்டு பேர், யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்துவிட்டுப் போகிறார்கள், பாவம்!" என்று இரங்கிய இளைஞர்கள் ஒரு சாரார். இவ்விரு கூட்டத்தாருக்கும் பதில் எழுதப் பலர் இருக்கிறார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் 6-9-2018இல் அந்தச் செயலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 17-10-2023இல் அத்தகைய இருவரின் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அது நாட்டின் சட்டம். நம் ஷரீஅத்தில் அச்செயல் ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. உள்ளத்தில் எழும் எண்ணம் வேறு, செயல் வேறு. சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை உள்ளத்தின் ஊசலாட்டத்தை அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்துவிட்டான் என்பதும் அதே அளவுக்கு உறுதியான விஷயம். இதற்கு மேல் இங்கே விரிக்கப் போவதில்லை.

என்னை உறுத்தியது மூன்றாவது பேச்சு. அதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்கள், தொழுகையாளிகள், நல்லவர்கள். "இருபது வருஷம் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? வளர்ந்த மகள் இருக்கையில் கோர்ட்டுக்குப் போய்ப் புருஷன் மானத்தை வாங்கலாமா?" என்கிறார்கள். ஆக, குற்றவாளிக் கூண்டில் யாரை ஏற்றினார்கள் பார்த்தீர்களா? தெரிந்தே கட்டி வைத்த மாமனாரை அல்ல. தெரிந்தே கைப்பிடித்த கணவரை அல்ல. எதுவும் தெரியாமல் வந்தவளை ஏற்றினார்கள்!

நிகாஹின்போது என்ன நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மஹர் இவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுகிறோம். வக்கீலும் இரண்டு சாட்சிகளும் உள்ளே போய், "இன்னாருடைய மகன் இன்னாரை இத்தனை மஹருக்கு உனக்கு நிகாஹ் செய்து வைக்கச் சம்மதமா?" என்று பெண்ணிடம் கேட்டு வருகிறார்கள். அவள் சம்மதம் இல்லாமல் சபையில் ஒரு வார்த்தை நகராது. அந்தச் சம்மதம் எதற்குக் கொடுத்தது? தன்னை மனைவியாக நாடக்கூடிய ஒருவருக்கு என்று எண்ணியல்லவா அவள் தலையசைத்தாள்? அவளுடைய வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கும் ஒரு செய்தியை நாலு பேர் தெரிந்து வைத்துக்கொண்டு, அவளிடம் மட்டும் சொல்லாமல் வாங்கிய சம்மதத்தை என்னவென்று சொல்வது? ஈரக் கோதுமையைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியைக் கடைத்தெருவிலேயே கண்டித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கோதுமைக்கு அந்தக் கண்டிப்பு என்றால் ஒரு பெண்ணின் ஆயுளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதியிருக்கிறார்கள். ஸகாத் வசூலுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் போன இடத்தில் மணம் முடித்துக்கொண்டார். அவர் பிள்ளைப்பேறு அற்றவர். இதை அவளிடம் சொன்னீரா என்று கேட்டார்கள் கலீஃபா. இல்லை என்றார் அவர். போய்ச் சொல்லும், பிறகு இருப்பதா விலகுவதா என்பதை அவள் விருப்பத்துக்கு விடும் என்று உத்தரவாயிற்று. பிள்ளையின்மை அவர் செய்த பாவமல்லவே! பாவமே இல்லாத ஒன்றைச் சொல்லாமல் விட்டதையே கலீஃபா ஒப்பவில்லை.

செட்டிநாட்டில் இருக்கிற நமக்குக் காத்திருக்கும் பெண்களைத் தெரியாமல் இல்லை. நகரத்தார் கடைகளின் முகவர்கள் மூன்று வருடக் கணக்குக்குப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறிய காலத்தில், பெரிய பெரிய வீடுகளில் மனைவிமார் நாளெண்ணிக் கிடந்தார்கள். நம் வீட்டுப் பெண்களும் சஃபர் போனவர்களுக்காக அப்படியே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதுவும் துன்பந்தான். ஆனால் யாருக்காக, எது வரைக்கும் காத்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, வராத ஒன்றுக்காக, ஏன் வரவில்லை என்றும் தெரியாமல், தன்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ணி எண்ணி மாய்பவளின் நிலை வேறு.

"பெற்றவர்கள் என்னதான் செய்வார்கள் ஹஜ்ரத்? கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பித்தானே செய்கிறார்கள்!" என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். இத்தகைய இயல்பை மாற்றித் தருவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. படித்த டாக்டரே கை வைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட இடத்தில், அயலார் வீட்டுப் பெண்ணை மருந்துப் புட்டியாகக் கொண்டுவந்து வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? மருந்து பலிக்காவிட்டால் புட்டியின் கதி என்ன?

"கட்டி வைக்காவிட்டால் பாவத்தில் விழுந்துவிடுவானே" என்பது அடுத்த வாதம். படக் கதையையே பாருங்கள். இருபது வருட இல்லறம் அந்தப் பிணைப்பை அறுத்ததா? ஒருவனைப் பாவத்திலிருந்து காக்க நோன்பு உண்டு, தொழுகை உண்டு, நல்லோர் சகவாசம் உண்டு. இன்னொருத்தியின் ஹக்கைப் பலியிட்டுக் காக்கும் வழி மார்க்கத்தில் இல்லை. பெண்ணை நாடும் தேவை இல்லாதவருக்கு மணம் முடிக்காமல் இபாதத்தில் ஈடுபடுவதே மேல் என்று ஷாஃபிஈ நூல்களில் இருக்கிறது. அந்த மத்ஹபின் தூணாகிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களே மணம் முடிக்காமல் வாழ்ந்து மறைந்தவர்கள். நம் மஹல்லாவிலோ முப்பது வயதாகியும் மணமாகாத பிள்ளையைப் பார்த்துவிட்டால் போதும், ஜனாஸா வீட்டில்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து "எப்போ தம்பி பிரியாணி?" என்று ஆரம்பித்துவிடுகிறோம்! அந்தப் பிள்ளையின் பெற்றோரைப் பொய்யான ஒரு நிகாஹுக்கு நெட்டித் தள்ளுவதில் நம் வாய்க்கும் பங்கு உண்டு.

அப்படியானால் தெரிந்த பெற்றோர் ஊரறியச் சொல்லிவிட வேண்டுமா? கூடாது. மாஇஸ் (ரலி) அவர்களைப் போய் ஒப்புக்கொள்ளத் தூண்டிய ஹஸ்ஸால் (ரலி) அவர்களிடம், உம் மேலாடையால் அவரை மறைத்திருந்தால் உமக்கு அதுவே நலமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அடியானுக்கும் ரப்புக்கும் இடையே உள்ளதை மூடியே வைக்க வேண்டும். மூன்றாவது ஓர் உயிரின் வாழ்வு அதில் மாட்டும்போதுதான் வாய் திறக்கும் கடமை வருகிறது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி யோசனை கேட்டபோது, ஒருவர் பொருளற்றவர், மற்றவர் பெண்களிடம் கடுமையானவர் என்று நபியவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். புறம்பேசுதல் விலக்கப்படாத இடங்களில் ஒன்றாக மணப்பேச்சை எண்ணியிருக்கிறார்கள் நம் இமாம்கள். அதற்கும் ஓர் அளவு வைத்தார்கள். "இந்தச் சம்பந்தம் உங்களுக்குச் சரிவராது" என்ற சொல்லோடு காரியம் முடிந்துவிடுமானால், குறையை விவரிப்பது ஆகாது என்கிறார்கள் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள். பையனின் தகப்பனார் "இப்போது எண்ணமில்லை" என்று சொல்லிவிட்டால் மகனின் திரையும் கிழியாது, அடுத்த வீட்டுப் பெண்ணும் பிழைப்பாள். எத்தனை எளிது!

இதைப் படித்துவிட்டு, மாப்பிள்ளையின் நடையையும் குரலையும் அளக்கப் புறப்படுகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை ஒருமுறை ஓதிக்கொள்ளட்டும். சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் மூன்றையும் அல்லாஹ் அங்கே ஒரே மூச்சில் தடுக்கிறான். ஒருவர்மீது இந்தப் பழியைச் சாட்சியின்றிச் சுமத்துவது ஷாஃபிஈ மத்ஹபில் விபசாரப் பழிக்கு ஒப்பானது. எண்பது கசையடி பெறும் குற்றம். நான் எழுதியது தெரிந்தவர்களுக்கு. தேடுகிறவர்களுக்கு அல்ல.

இனி, ஏமாற்றப்பட்டு வந்துவிட்ட பெண்ணுக்கு வழி என்ன? ஆண்மையற்ற கணவனுக்கு ஒரு வருடத் தவணை கொடுத்து நிகாஹை ரத்துச் செய்யும் உரிமை நம் நூல்களில் உண்டு. ஆனால் ஒரு தடவை கூடியிருந்தாலும் அந்த உரிமை போய்விடும் என்பது ஷாஃபிஈ சட்டம். ஓமனாவைப் போல் பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் கதவு திறக்காது. இத்தகைய பெண்களின் முட்டுப்பாட்டைக் கண்டுதான் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் மாலிக்கீ மத்ஹபின் தீர்வுகளை ஆராய்ந்து நூலெழுதினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், தக்க காரணமின்றி மூன்று வருடம் கணவன் தன் இல்லறக் கடமையைச் செய்யாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கேட்கலாம் என்கிறது. கடமை செய்யவில்லை என்பதே அங்கே வழக்கு. அவர் யாரை நாடுகிறார் என்பதை மனுவில் எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை.

நீதிமன்றத்துக்கும் போகாமல் குலா என்ற வாசல் இருக்கிறது. ஜமாஅத்தில் ஒரு பெண் வந்து "எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம்" என்றால், பத்துப் பேர் நடுவே நிறுத்தி "ஏன்? என்ன குறை? விளக்கமாகச் சொல்" என்று நச்சரிக்கும் வழக்கத்தை நம் நிர்வாகிகள் விட வேண்டும். அவள் விளக்கினால் ஒரு மனிதனின் மானம் சந்திக்கு வரும். விளக்காவிட்டால் திமிர் பிடித்தவள் என்ற பெயர் அவளுக்கு வரும். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை காணவில்லை, ஆயினும் இவரோடு இருந்தால் நான் வரம்பு மீறிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன் என்ற அளவில்தான் முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருகிறாயா என்று கேட்டார்கள். தருகிறேன் என்றார். தோட்டத்தை வாங்கிக்கொண்டு தலாக் சொல்லிவிடும்படி ஸாபித் அவர்களுக்கு உத்தரவாயிற்று.