தோட்டமும் முதற் சீலமும்

உயிர்க்கொலை தவிர்த்தல் பஞ்சசீலத்தின் முதற் சீலமாகும். உபோசத நாள்தோறும் நாம் கைகூப்பி இதனை ஏற்றுக்கொள்கிறோம். ஏற்றுக்கொண்டு வீடு திரும்பியதும், முதல் நாள் நட்ட கத்தரி நாற்றை நத்தை அடியோடு தின்றிருக்கக் கண்டால் யாது செய்வது? கடையிற் காய் வாங்கி உண்பவர்க்கு இவ்வினா எழுவதில்லை. மண்ணைக் கொத்திப் பயிரிட்டு உண்பவர்க்கோ இது நாள்தோறும் எழுகின்றது. நம் முன்னோரில் மிகப் பலர் பிறர் நிலத்தில் உழைத்தே வாழ்ந்தவர். ஆகவே இவ்வினாவை ஒதுக்கிவிட்டுச் சீலத்தைப் பற்றிப் பேசுதல் நமக்குத் தகாது.

அந்தமானிலுள்ள பாம்பூஃப்ளாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். போர்ட் பிளேர் என வழங்கிவந்து 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற தலைநகருக்கு எதிரே, துறைமுகத்தின் மறுகரையில் அமைந்த ஊர் இது. சாத்தம் துறையிலிருந்து படகேறி அங்கே செல்வர். அருகே ஹாரியட் மலையின் காடு உயர்ந்து நிற்கின்றது. 2021 முதல் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு அது. மே முதல் டிசம்பர் வரை இரு பருவமழைகளும் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மண் காயும். காய்கறியில் ஒரு பகுதி சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கடல் கடந்து வருவதால், புயல் எழுந்து கப்பல் தாமதித்தால் விலை ஏறும். அத்தகைய இடத்தில் வீட்டுப் பக்கத்து வெண்டையும் பாகலும் கீரையும் பொழுதுபோக்கு அல்ல. அவை அன்றாட உணவு.

அத்தோட்டத்துக்கு இருவகைக் கேடு நேர்கின்றது. ஒன்று வானத்தால் வருவது: தொடர்மழையில் வேர் அழுகும், சரிவில் மேல்மண் கரைந்தோடும், காற்றில் பந்தல் சாயும். மற்றொன்று விலங்கால் வருவது: இரவில் புள்ளிமான் வேலி தாண்டும்; மழை ஓய்ந்த மாலையில் ஆப்பிரிக்கப் பெருநத்தை ஊர்ந்து வந்து இளந்தளிரைத் தின்னும். இவ்விரண்டுக்கும் உலகோர் சொல்லும் மறுமொழிகள் வெவ்வேறு. முதலாவதற்கு, “உன் முன்வினை” என்பர். இரண்டாவதற்கு, “அடித்துக் கொல்” என்பர். இவ்விரு மறுமொழியும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பது நம் கருத்து. மனத்தின் நோக்கம் எங்கே உளது, எங்கே இலது என்று பகுத்துணராமையே அப்பிழை.

முதலில் மழையைப் பார்ப்போம். பகவன் புத்தர் வினை என்று கூறியது சேதனையை, அதாவது மனத்தின் நோக்கத்தை. மழைக்குச் சேதனை இல்லை. அது யாரையும் ஒறுக்க வருவதில்லை. சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் துய்க்கும் இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்கின்றனரே என வினவியபோது, பகவன் அதனை மறுத்தார். பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவ மாறுபாடு முதலிய வேறு காரணங்களையும் எடுத்துக் காட்டினார். காஞ்சியில் தங்கியிருந்தவரான ஆசாரியர் புத்தகோசரின் உரையும் ஐவகை நியதிகளைப் பிரித்து, பருவத்தின் நியதியை வினையின் நியதியினின்று வேறாக வைக்கின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. அன்றைய நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, தாழ்வான வயல்கள் பலவற்றில் உப்புநீர் நின்றது. அவ்வயலுக்கு உரியவர் பாவம் செய்தார் என்று எந்த நாவாற் கூறுவது? “முன்வினை” என்ற அச்சொல்லைச் சொல்லியே நம்மைச் சேரிகளில் நிறுத்தினார்கள். அதே சொல்லை நாம் எடுத்து, பயிரிழந்தவர்மேல் வீசலாகாது. மழையால் வரும் இழப்புக்கு உரிய மறுமொழி முயற்சியே. அத்தீவின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார், நீர் தேங்கும் நிலத்தில் அகன்ற மேட்டுப்பாத்தி உயர்த்தி, இடையே பள்ளம் வெட்டி, மேட்டிற் காய்கறியும் பள்ளத்தில் நெல்லோ மீனோ வளர்க்கும் முறையைப் பரப்பினர். துக்கத்துக்குக் காரணம் கண்டு அதனை நீக்கும் நெறியும் இத்தகையதே அன்றோ?

இனி விலங்கைப் பார்ப்போம். நத்தைக்குப் பசி உண்டு, பகை இல்லை. நம் நாற்றென்று அறிந்து அது தின்னவில்லை. அது அத்தீவுக்குத் தானாக வந்ததும் அன்று. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குரிய அவ்வுயிரை 1847ஆம் ஆண்டு பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அந்தமானில் அது பரவியது 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் என்பர். புள்ளிமானும் அத்தீவுகளுக்கு உரியதன்று; ஆங்கிலேயர் ஆட்சியிற் கொண்டுவந்து விடப்பட்டது. புலியும் சிறுத்தையும் இல்லாத காட்டில் அது பெருகியது. ஆக, மழையிலும் நத்தையிலும் மானிலும் காணப்படாத தீய நோக்கம் ஓரிடத்திலேதான் தோன்ற முடியும். அது நம் நெஞ்சம். சீலம் காவல் நிற்க வேண்டிய இடமும் அதுவே.

கொலையென்னும் குற்றத்துக்கு ஐந்து உறுப்புகள் உள என்பது உரைமரபு: உயிர் இருத்தல், அது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் உயிர் போதல். மண்ணைக் கொத்தும்போது அறியாமல் மண்புழு மடிந்தால் ஐந்தும் கூடுவதில்லை. நத்தையைப் பொறுக்கி உப்புநீரில் இட்டால் ஐந்தும் கூடுகின்றன. இதனை மழுப்புதல் கூடாது. “பயிரைக் காக்கத்தானே” என்பது காரணமாகலாம். கொலையைக் கொலையன்று ஆக்கிவிடாது. மான் அழகியது, மிகதாயம் என்னும் மான் வனத்தில் முதல் தம்மம் உரைக்கப்பட்டது என்று அதற்கு இரங்கி, நத்தை அருவருப்பானது என்று அதனை மிதிப்பதும் நடுநிலை ஆகாது.

அப்படியாயின் பௌத்தன் பயிரிடலாகாதோ? அங்ஙனமன்று. நிலத்தைத் தோண்டாமை, செடியை முறியாமை ஆகிய விதிகள் பிக்குகளுக்கே விதிக்கப்பட்டன. இல்லறத்தாரை உழவு விடுமாறு பகவன் பணிக்கவில்லை. மழைக்காலத்தில் பிக்குகள் ஊரூராய் நடந்து பசும்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் குறை கூறியபோது, கார்காலம் முழுதும் ஓரிடத்தில் தங்குமாறு சங்கத்துக்கே விதி செய்தார். உழவனின் பயிரும் புழுவின் உயிரும் ஒருசேரக் காக்கப்பட்ட விதி அது. தீங்கு நேரும் முன் நம் நடையை மாற்றிக்கொள்ளுதலே அதன் உட்பொருள்.

தோட்டத்திலும் அம்முறையே பொருந்தும். நாற்றைக் காவலான இடத்தில் வளர்த்து, தண்டு முற்றியபின் நடலாம். நத்தை பகலில் ஒளியும் ஈரச் சருகும் வாழைமட்டைக் குவியலும் கற்குவியலும் அகற்றப்பட்டால் அது அங்கே தங்காது, பெருகாது. பாத்தியைச் சுற்றிச் சாம்பலோ சுண்ணாம்போ இடலாம். மழை அதனைக் கரைத்துவிடுமாதலால் மீண்டும் மீண்டும் இட வேண்டும். மானுக்கு உயர்ந்த வேலி வேண்டும். ஒரு வீட்டாரால் இயலாததைப் பல வீட்டார் கூடிச் செய்யலாம். நஞ்சை நாம் நாடலாகாது. நஞ்சு வாணிகம் உபாசகர்க்கு விலக்கப்பட்ட ஐவகை வாணிகங்களுள் ஒன்று. வைத்த நஞ்சை நாயும் கோழியும் தின்னும்.

சாலிகேதார ஜாதகத்தையும் இங்கே நினைவுகூர்வோம். ஆயிரம் கரீசம் நெல்வயலுடைய பிராமணன் ஒருவனின் கதிரைக் கிளிக்கூட்டம் தின்றது. கிளியரசனோ தின்றதன்றி அலகிலும் கவ்விச் சென்றது. கண்ணியிற் பிடிபட்டு வினவப்பட்டபோது, முதிய பெற்றோர்க்கு ஊட்டுவது கடன் தீர்த்தல், குஞ்சுகட்கு ஊட்டுவது கடன் கொடுத்தல், நலிந்த பறவைகட்கு ஊட்டுவது புதையல் சேர்த்தல் என்று அது கூறியது. பிராமணன் வயல் முழுவதையும் அளிக்க முன்வந்தான். கிளி எட்டுக் கரீசமே ஏற்றது. களவென்று கண்டவன் அங்கே ஒரு குடும்பத்தைக் கண்டான். விளைவில் சிறுபங்கு பிற உயிர்க்குப் போகும் என்று முன்னரே எண்ணி விதைப்பவன், இழப்பின்போது சினங்கொள்ளான்.

இத்தனையும் செய்தபின்னும் நத்தை மிஞ்சும். ஒரு முறைக்கு நூறும் அதன் மேலும் முட்டையிடும் உயிர் அது. பிடித்ததைக் காட்டில் விட்டால் காட்டுக்குக் கேடு. அடுத்த வீட்டில் விட்டால் அவர்க்குக் கேடு. வாத்தைவிட்டுத் தின்னச் செய்தால் கொன்றது வாத்து என்று தப்பலாமோ? தானே கொல்லுதலோடு பிறரை ஏவிக் கொல்லுவித்தலும் கொலையே என்பது நம் தம்மம். இவ்விடத்தில் நம் வரலாறு பேசுகின்றது. இந்நாட்டில் சிலர் தம் கையைத் தூயது என்று வைத்துக்கொண்டு, செத்த மாட்டை அகற்றவும் தோலை உரிக்கவும் வயலில் எலி பிடிக்கவும் வேறு சிலரை ஏவினர். ஏவல் செய்தவனைப் பின்னர்த் தீண்டத்தகாதவன் என்றனர். வேலையின் பயன் அவர்க்கு, மாசு நமக்கு! பௌத்தத்தை ஏற்ற நாமும், “யான் காய்கறி மட்டுமே உண்பவன், யான் தூயவன், பயிரிடுகிறவன் நத்தையைக் கொன்றவன், அவன் தாழ்ந்தவன்” என்று எண்ணத் தொடங்கினால், விட்டுவந்த சாதியைச் சீலத்தின் பெயரால் மீண்டும் கட்டினவர் ஆவோம். அக்காய் யார் இலையில் விழுகிறதோ அவரும் அத்தோட்டத்தின் துன்பத்திற் பங்குடையவரே.

ஆதலின் முதற் சீலத்தைத் தூய்மையின் அளவுகோலாகக் கொள்ளாமல் சிக்காபதமாக, பயிற்சிநெறியாகக் கொள்வோம். உணவுக்கு வேறு வழியின்றிக் கொல்ல நேர்ந்தவர், அதனைப் புண்ணியம் என்னாதிருக்கட்டும். குற்றமே இல்லை என்றும் சொல்லாதிருக்கட்டும். நத்தைமேல் உப்பைத் தூவி, அது நுரைத்துச் சுருங்குவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க விடாதிருக்கட்டும். அடுத்த பருவத்தில் இன்னும் குறைவாகக் கொல்லும் வழியைத் தேடட்டும்; அடுத்த உபோசதத்தில் அச்சீலத்தை மீண்டும் ஏற்கட்டும். பயிற்சியில் தவறியவர்க்குத் தீட்டு இல்லை, ஊர்விலக்கும் இல்லை, மீண்டும் முயலும் கடமை மட்டுமே உண்டு. பயிரிடாது உண்ணும் அன்பர்களோ, இவர்களுக்கு அறம் உரைக்கும் முன் வேலி கட்டக் கைகொடுப்பார்களாக. பிற உயிர்க்கு இரங்கும் நெஞ்சமும் உழைப்பவர்க்கு உதவும் கையும் ஒருங்கே அமைந்த இடத்திலேயே முதற் சீலம் வாழ்கின்றது.