மைசூரில் இரண்டு நாள்

நான்கு வயதுக் குழந்தையோடு மைசூருக்குக் கிளம்புகிறீர்களா? பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம். நடுவில் சாப்பாடும் தூக்கமும். அதற்கு மேல் திணிப்பது அந்தச் சின்னக் கால்களுக்குச் செய்யும் கொடுமை.

1892-இல் தொடங்கிய மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். உள்ளே நடை அதிகம்; பேட்டரி வண்டி கிடைத்தால் தயங்காமல் ஏறுங்கள். ஒட்டகச்சிவிங்கியைக் காட்ட நாம் துடிக்கும்போது, பிள்ளை கம்பி வேலியடியில் குந்தி, முறுக்குத் துணுக்கை இழுத்துப் போகும் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அம்மா, இது எங்க போகுது?" கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கூட உட்காருங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறோம்.

அரண்மனைக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். நண்பகலில் முற்றத்துக் கல் சுடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை இருட்டியபின் வெளியே நின்று விளக்கு அலங்காரம் பார்ப்பதே இந்த வயதுக்குப் போதும். அன்று மதியம் பிள்ளையைக் கட்டாயம் தூங்க வைத்துவிடுங்கள். தங்கும் அறையும் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. பையில் மாற்றுத்துணி, தண்ணீர், வீட்டில் தின்று பழகிய பண்டம் ஏதாவது.