சித்திர சபை: ஓவியத்தை வழிபடுதல்

நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் சிதம்பரம் பொன்னாலும், மதுரை வெள்ளியாலும், திருநெல்வேலி தாமிரத்தாலும், திருவாலங்காடு இரத்தினத்தாலும் பெயர்பெற, ஐந்தாவதான குற்றாலத்துச் சபை ஒன்றே ஓவியத்தால் பெயர்பெற்றுச் சித்திர சபை என வழங்குகிறது. குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்று விலகி, தெப்பக்குளத்தை முன்னே கொண்டு, செப்புத் தகடு வேய்ந்த கூரையுடன் தனித்து நிற்கும் இச்சபையில், ஆடும் இறைவன் கல்லிலோ உலோகத்திலோ வடிக்கப்படாமல் சுவரில் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கிறான். மார்கழித் திருவாதிரை விழாவின் தாண்டவ தீபாராதனை இந்தச் சுவரோவியத்தின் முன்னர்தான் நிகழ்கிறது. தட்டையான பரப்பில் பூசிய நிறத்தின் முன் ஒருவர் கைகூப்பும்போது வழிபடப்படுவது எது என்பது சைவ தத்துவ அறிஞருக்குரிய கேள்வி. ஒரு சமூகம் எவற்றை எவ்வாறு பார்க்கப் பழகியிருக்கிறது என்று ஆராயும் காட்சிப் பண்பாட்டுத் துறையில் பயிலும் ஓவிய மாணவருக்கும் அதே கேள்வி எழுகிறது. இருவரையும் ஒருங்கே நிறுத்தி விடை கேட்பதற்குத் தமிழகத்தில் இதனினும் பொருத்தமான இடம் இல்லை.

சிற்ப நூல்கள் முழுவுருவப் படிமத்தைச் சித்திரம் என்றும், பின்புறம் சுவரோடு ஒட்டிய புடைப்புருவத்தை அர்த்தசித்திரம் என்றும், சுவரிலோ துணியிலோ தீட்டியதைச் சித்திராபாசம், அதாவது உருவத்தின் வெறும் சாயல் என்றும் வகுக்கின்றன. இவ்வரிசையில் ஓவியம் கடைசியில் நிற்பதற்குச் சடங்கு வழியாகவும் காரணம் காட்டலாம்: கல்லுக்கும் செம்புக்கும் பாலும் நீரும் ஆட்டலாம், சுவரில் தீட்டிய நிறத்துக்கு ஆட்ட முடியாது. அருவிகளுக்காகவே ஊர் ஊராக மக்கள் தேடிவரும் குற்றாலத்தில், மேனியில் நீர் படலாகாத இறைவன் ஒருவன் இருப்பது கவனிக்கத்தக்கது. அபிடேகம் நீங்கிய அவ்விடத்தில் எஞ்சுவன விளக்கின் ஒளியும் பார்ப்பவர் கண்ணும் மட்டுமே. காண்பதையே முழு வழிபாடாக ஆக்கிய சபை என்று இதனைக் கூறுவது மிகையாகாது.

சாயல் என்பதால் அது பொய்யாகிவிடுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில், இறைவனுக்கு அருவம், உருவம், இரண்டும் கலந்த அருவுருவம் என்னும் மூவகைத் திருமேனிகளும் உயிர்களின்பொருட்டு அருளால் கொள்ளப்படுவன என்று நிறுவுகிறார். அவ்வாறாயின் கருங்கல் இறைவனுக்கு அண்மையது, காவி நிறம் சேய்மையது என்று சொல்ல வழியில்லை. அவருடைய ஆசிரியர் மெய்கண்டாரின் சிவஞானபோதமோ, இறுதிச் சூத்திரத்தில், மெய்யடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு தொழச் சொல்லி, வெளித்தோற்றம் என்று தள்ளத்தக்க வேடத்தையே வழிபாட்டின் இடமாக ஆக்கிவிடுகிறது. சிற்ப நூலின் வரிசை கைவினையின் அளவைப் பற்றியது. சைவ சித்தாந்தத்தின் பேச்சு உண்மையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டதனால்தான் ஓவியம் கீழானது என்ற எண்ணம் வேரூன்றியது.

இங்கே ஊடகக் கோட்பாட்டின் ஒரு புகழ்பெற்ற வாதத்தைச் சோதிக்கலாம். ஜெர்மானிய அறிஞர் வால்டர் பெஞ்சமின், 1936இல் வெளியான கட்டுரையில், ஓரிடத்தில் ஒன்றாக மட்டுமே இருப்பதால் கலைப்படைப்பைச் சூழும் மதிப்பார்ந்த தனித்தன்மை, இயந்திரம் படிகளைப் பெருக்கும்போது தேய்கிறது என்றார். அதே காலத்தை ஒட்டி, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டியவரான சி. கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் அமர்ந்து தம் மாணவர்களுடன் தெய்வப் படங்களைத் தீட்ட, அவை சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகப் பெருகின. அவற்றைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூச்சூட்டிய இல்லங்களில், மூல ஓவியம் எங்கே இருக்கிறது என்று எவரும் வினவியதில்லை. தனித்தன்மை ஒன்றேயான மூலத்தோடு பிணைந்ததாகப் பெஞ்சமின் கொண்டார். தென்பாண்டி நாட்டுப் பூசையறை அதனைச் சடங்கில் வைத்தது. ஆயினும் அவர் முற்றும் தவறவில்லை. பொட்டும் பூவும் பெறாத படியை எவரும் பொருட்படுத்துவதில்லை என்பதற்கு, கைப்பேசியில் நாள்தோறும் வந்து கட்டைவிரலால் தள்ளப்பட்டுப் போகும் தெய்வப் படங்களே சான்று.

சடங்கே உயிர் தருகிறது என்ற இம்முடிவில் ஓர் அபாயமும் உண்டு. பொருள் முக்கியமில்லை என்றால், மங்கிய பழைய ஓவியத்தின்மேல் புதிய வண்ணத்தைத் தடையின்றிப் பூசிவிடலாம் அல்லவா? தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்ததை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். மேலே தீட்டியவர்களுக்கு அது பக்திச் செயலாகவே இருந்திருக்கும். ஆனால் அதனால் சில நூற்றாண்டுகள் சோழர் கைவண்ணம் எவர் கண்ணுக்கும் எட்டவில்லை. குற்றாலத்துக்கு அருகே தென்காசியில், பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதனைச் சீர்செய்து காப்போரைப் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்தான். பின்வருவோர் செய்யும் பழுதுபார்த்தலையும் படைப்பின் பகுதியாக ஏற்ற மன்னன் அவன். அவனுடைய பணிவுக்கு உரியவர் காப்பவரே. மூடி மறைப்பவர் அல்லர்.

சாரல் ஈரம் ஆண்டுதோறும் சுவரில் ஏறும் ஊரில் சித்திர சபை புதுப்பித்தலைத் தவிர்க்க முடியாது. எனவே தூரிகை தொடுவதற்கு முன் பழைய கோடுகளையும் நிறங்களையும் அளந்து, வரைந்து, முறையான அனுமதியுடன் படமெடுத்துப் பதிவு செய்யும் பணியை ஓவியக் கல்லூரி மாணவர்கள் தம் பாடத்தின் பகுதியாக ஏற்க வேண்டும். கோயில் நிருவாகமும் அதற்கு இடம் தர வேண்டும்.